முப்பதுக்கு இருபத்தேழு

மெத்தைக்காரர் தம் மகளுக்கு மூவாயிரத்து இருநூறு கடன்பட்டிருந்தார்.

கடைவீதியில் இதை யாரும் நம்பமாட்டார்கள். அவர் யாரிடமும் கைநீட்டியவர் இல்லை என்பதுதான் வீதியில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். "இந்த வீதியில எனக்குக் கடன் குடுத்தவன் ஒருத்தனாவது உயிரோட இருக்கானா, காட்டு!" என்று அவர் மார்தட்டும்போது, புதிதாகக் கேட்பவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள்.

கடன் வந்த கதை சின்னது. போன வருஷம் ஒரு நாள் பஞ்சு லாரி வந்து நின்றது. கையில் காசு வைத்தால்தான் தார்ப்பாயை அவிழ்ப்பேன் என்று டிரைவர் அடம்பிடித்தான். வங்கிக்கு விடுமுறை, கல்லாவில் சில்லறைதான் கிடந்தது. மகள் தலையணை உறைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்து, உறைக்கு இவ்வளவு என்று அப்பாவிடமே கூலி வாங்கிச் சேர்த்த பணம் ஒரு பவுடர் டப்பாவில் இருந்தது. "சாயங்காலம் தர்றேன்" என்று வாங்கிப் போனார். எந்தச் சாயங்காலம் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் வியாபார மூளை என்பது.

"அப்பா, என் பணம்?"

"எந்தப் பணம்?"

"டப்பாப் பணம்."

"அதுவா? அது கடன் இல்ல குட்டி, கைமாத்து. கடன்னா வெளியாள்கிட்ட வாங்குறது. வீட்டுக்குள்ள வாங்கினா அதுக்குப் பேரு பாசம்."

"சரி, பாசத்தைத் திருப்பிக் குடுங்க."

இந்த இடத்தில் மெத்தைக்காரருக்கு வழக்கமாக ஒரு போன் வந்துவிடும்.

சொல்லிக்கொள்ளும்படி அவருக்குப் படிப்பில்லை. ஆனால் சொல்லிக்கொள்ள நிறைய இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவர். பதினாலு வயதில் ஒரு மதியம் மூட்டை மேலேயே தூங்கிவிட்டார். அடிப்பதற்குக் கம்போடு வந்த முதலாளி, வாயைப் பிளந்துகொண்டு அவர் தூங்குகிற அழகைப் பார்த்துக் கம்பைக் கீழே போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிடா இப்படித் தூங்குற? எனக்கு மூணு வருஷமா ஒரு பொட்டுத் தூக்கம் இல்லடா" என்று கண்கலங்கினாராம். காசு இருப்பவனிடம் தூக்கம் இல்லை, தூக்கம் இருப்பவனிடம் காசு இல்லை. நடுவில் ஒரு மெத்தையைப் போட்டால் காசு இந்தப் பக்கம் உருண்டு வரும் என்று அந்த வயதிலேயே அவருக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இதை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

முதல் மெத்தையைத் தலையில் சுமந்து விற்கப் போன அன்றே மழை பிடித்துக்கொண்டது. மெத்தை தண்ணீர் குடித்தது. குடித்த மெத்தை உட்கார்ந்தது. அதற்குக் கீழே அவரும் உட்கார்ந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். வேறொருவனாக இருந்தால் அன்றோடு குடை விற்கப் போயிருப்பான். இவர் போகவில்லை. இன்று கடை மூன்று மாடி. "இந்த ஊர்ல பாதிப் பேரு என் உழைப்பு மேலதான் படுத்துத் தூங்குறான்" என்பார். பொய்யில்லை.

மெத்தை விற்பதற்கு அவரிடம் ஒரு தனி முறை இருந்தது. வாங்க வந்தவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து தம் வாழ்க்கைக் கதையைத் தொடங்குவார். மழை பிடித்துக்கொள்கிற இடம் வருவதற்குள் வாடிக்கையாளர் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அது மெத்தையின் தரம் என்பதில் மெத்தைக்காரருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு உறுத்தல்தான். அது எதிர்க்கடை. கம்பி, ஆணி, பூட்டு, ஏணி விற்கிற இரும்புக் கடைக்காரர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன இரும்பு?" "என்ன மெத்தை?" அதோடு சரி. இரும்பு புதுப் பலகை எழுதினால், மெத்தை விளக்குப் பலகை மாட்டுவார். இரும்பு கண்ணாடிக் கதவு போட்டார். அடுத்த மாதமே மெத்தை, பெரிய ஓட்டல்களில் இருப்பதுபோல் சுற்றுகிற கதவு போட்டார். போட்ட பிறகுதான் தெரிந்தது, அதற்குள் மெத்தை நுழையாது என்று. அன்று முதல் வாடிக்கையாளர் முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார், மெத்தை பின்சந்து வழியாகப் போகும். "மனுஷனுக்கு ஒரு வாசல், மெத்தைக்கு ஒரு வாசல். வேற எந்தக் கடையில இருக்கு?" என்று கேட்பார். எந்தக் கடையிலும் இல்லைதான்.

மகளுக்குப் பதினைந்து வயது. கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் வழவழவென்று சிமெண்டுத் தரை. நாலு சுவரிலும் சாத்திவைத்த மெத்தைகள். சக்கர ஷூ போட்டு ஓடப் பழக உலகத்தில் இதைவிடத் தோதான இடம் கிடையாது. எந்தப் பக்கம் போய் விழுந்தாலும் பஞ்சு. பள்ளியில் மேல்வகுப்பு அக்கா ஒருத்தியிடம் ஷூவை இரவல் வாங்கி, அவள் அங்கே பறக்கப் பழகியிருந்தாள். அந்த அக்கா குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போகிறாள். ஷூவை மூவாயிரத்துக்குத் தருகிறேன், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் காசு வராவிட்டால் வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். மீதி இருநூறுக்கு முழங்கால் உறை. கணக்கு சரியாகத்தான் இருந்தது. பணம்தான் அப்பாவிடம் இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்கப்பா. இல்லன்னா ஷூ போயிடும்."

"சனிக்கிழமை வரட்டும், பார்ப்போம்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"பாத்தியா? உங்கப்பன் சொன்ன சொல் மாறமாட்டான்."

அந்த வாரத் திங்கட்கிழமைதான் ஆராய்ச்சியம்மா வந்தார். வயது முப்பதுகூட இருக்காது. ஆனால் கையில் ஒரு கத்தைக் காகிதமும் கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கியதால், வீதி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கல்லூரியிலிருந்து வந்திருந்தார். பதின்வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி. மனசு வாடுவதால் பிள்ளைகள் வம்புதும்புக்குப் போகிறார்களா, வம்புதும்புக்குப் போவதால் மனசு வாடுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பட்டியலில் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளை எடுத்திருந்தார்கள். இந்த வீதியில் விழுந்தது இரண்டு சீட்டு: மெத்தைக்காரர் மகள், இரும்புக் கடைக்காரர் மகன்.

பெற்றவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். மெத்தைக்காரர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். 'வளரிளம் பருவத்தினரின் மனநலமும் நெறிபிறழ் நடத்தையும்' என்ற தலைப்பில் முதல் சொல்லைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டது. கீழே 'ஆராய்ச்சி' என்ற சொல் கண்ணில் பட்டது. அது போதும் என்று கையெழுத்தைப் போட்டார். அவர் கையெழுத்து ஒரு பக்கத்தில் பாதியை அடைக்கும். அதைப் பழகுவதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் செலவழித்திருந்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?" என்று வீட்டம்மா கேட்டார். துணி வெட்டுவது அவர் பொறுப்பு. கத்தரிக்கோல் கையிலேயே இருக்கும்.

"எல்லாம் படிச்சாச்சு. ஊர்ல எத்தனை பிள்ளைங்க இருக்கு? நம்ம பிள்ளையைத் தேடி வந்திருக்காங்கன்னா, ஆராய்ச்சி பண்ற அளவுக்கு மூளைன்னுதானே அர்த்தம்?"

"சீட்டுக் குலுக்கி எடுத்தாங்களாம்."

"குலுக்கினாலும் நல்ல சரக்குதான் மேல வரும்."

வீட்டம்மா காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். கணவரை ஒருமுறை பார்த்தார். திரும்பித் துணி வெட்டப் போய்விட்டார்.

பிள்ளைகள் எழுதுவது யார் கண்ணிலும் படக்கூடாது, சொல்வது யார் காதிலும் விழக்கூடாது, தனி அறை வேண்டும் என்றார் ஆராய்ச்சியம்மா. மெத்தைக்காரர் பெருமையாகக் கிடங்குக்கு அழைத்துப்போனார். "இங்க பாருங்கம்மா, நாலு பக்கமும் மெத்தை. உள்ள யாரு எவ்வளவு கத்தினாலும் வெளியில ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. நானே ஆளை விட்டுக் கத்தச் சொல்லிப் பார்த்திருக்கேன்."

ஆராய்ச்சியம்மா நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் மகள் எழுதினாள். பிறகு இரும்புக் கடைக்காரர் மகன் வந்து எழுதினான். பையனுக்கும் பதினைந்துதான். ஆள் ஒல்லி, தலை மட்டும் கொஞ்சம் பெரிது. அப்பா விற்கிற சரக்கையும் ஆளையும் சேர்த்துப் பார்த்து வீதி அவனுக்கு 'ஆணி' என்று பெயர் வைத்திருந்தது. மீதியைச் சனிக்கிழமை வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று ஆராய்ச்சியம்மா போய்விட்டார்.

மறுநாள் காலை இரும்புக் கடைக்காரர் கடையைக்கூடத் திறக்காமல் வீதியைக் கடந்து வந்தார்.

"மெத்தை! நேத்துப் பரீட்சையில உம் பொண்ணுக்கு எத்தனை?"

"எந்தப் பரீட்சை?"

"ஆராய்ச்சிப் பரீட்சைதான்யா. எம் பையனுக்கு இருபத்தேழு. முப்பதுக்கு!"

பள்ளிக்கூடத்தில் நூறுக்கு இருபத்தேழு வாங்கினாலே ஆணி வீட்டில் அன்று நல்ல நாள். "எப்படிடா எழுதின?" என்று அப்பா கேட்டதற்கு, "முப்பதுல இருபத்தேழுப்பா..." என்று அவன் ஆரம்பித்திருக்கிறான். அவன் சொல்ல வந்த மீதியைக் கேட்க அப்பா அங்கே இல்லை, தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

மெத்தைக்காரர் நேராக மகளிடம் போனார்.

"குட்டி, அந்த முப்பதுல உனக்கு எத்தனை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு."

"இருபத்திரெண்டா? பரவாயில்ல, அஞ்சுதான் குறைச்சல்."

"ரெண்டுப்பா. ஒண்ணு, ரெண்டு."

மெத்தைக்காரர் பக்கத்தில் இருந்த மெத்தையில் தொப்பென்று உட்கார்ந்தார். "முப்பதுக்கு ரெண்டா? ஆணி இருபத்தேழு எடுத்திருக்கான்! அப்படி என்னதான் கேட்டாங்க?"

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பா எதை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பணத்தைக் குடுங்க, சொல்றேன்."

"அப்பன்கிட்டயே வியாபாரமா?"

"உங்க பொண்ணுதானே."

கோபத்துக்கு நடுவிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பணம் தரவில்லை.

புதன்கிழமை எதிர்க்கடை முகப்பில் பேனர் ஏறியது. 'ஆராய்ச்சித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தேழு எடுத்து வீதிக்கே பெருமை சேர்த்த எங்கள் வீட்டுச் செல்வத்துக்கு வாழ்த்துகள்!' கீழே ஆள் உயரத்துக்கு ஆணியின் படம். கோட்டும் சூட்டும் போட்ட உடம்பு யாருடையதோ. தலை மட்டும் ஆணியுடையது. பேனரைத் தெருவில் வருகிறவர்களைப் பார்த்துக் கட்டாமல் மெத்தைக் கடையைப் பார்த்தே கட்டியிருந்தார்கள். சுற்றுகிற கதவு எத்தனை முறை சுற்றினாலும் கண்ணாடிக்குக் கண்ணாடி ஆணி சிரித்தான்.

வியாழக்கிழமை மெத்தைக்காரர் பின்சந்தில் ஆணியை மடக்கினார்.

"தம்பி, நில்லு. அந்த இருபத்தேழை எப்படி எடுத்த?"

ஆணிக்கு முகம் வெளுத்தது. "அங்கிள், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள்."

"உங்கப்பன்தான் பேனரே வச்சிருக்கான். நான் என்னத்தைச் சொல்ல? எம் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுப்பா. தினம் ஒரு மணி நேரம். மாசம் ஒரு தலையணை தர்றேன்."

"அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராது அங்கிள்."

"ஓ, பிறவியிலயே வரணுமா?"

ஆணி அவருடைய கைக்குக் கீழே குனிந்து ஓடிப்போனான். எவ்வளவு அடக்கம் பார், இவ்வளவு மார்க் எடுத்தும் பீற்றிக்கொள்கிறானா என்று மெத்தைக்காரர் நினைத்தார். வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தார்.

"அந்த ஆணியைப் பாரு. அவன் பண்றதுல பாதியாவது நீ பண்ணக்கூடாதா?"

"சரிப்பா, முயற்சி பண்றேன்" என்றாள் மகள். உள்ளறையில் கத்தரிக்கோல் கீழே விழுகிற சத்தமும், வீட்டம்மா விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்டன.

சனிக்கிழமை காலை வந்தது. மகள் குளித்து முடித்துக் கல்லாவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம், "எனக்கு அப்புறம்தான் நீங்க" என்றாள். வீதிமுனையில் ஆராய்ச்சியம்மா வருவது தெரிந்தது. பேனரைப் பார்த்தார். நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார்.

மெத்தைக்காரர் அவரைப் பிடிக்கப் பாய்ந்தார். அவசரத்தில் சுற்றுகிற கதவு அவரை வெளியே விடாமல் மறுபடி உள்ளேயே கொண்டுவந்து விட்டது. இரண்டாவது சுற்றில்தான் தெருவில் விழுந்தார். அதற்குள் இரும்புக் கடைக்காரரும் பாராட்டு வாங்கிக்கொள்ளச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, மறுமதிப்பீடு வேணும்! என்ன கட்டணம்னாலும் கட்டறேன். எம் பொண்ணுக்கு ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க!"

"சார், நான் யாருக்கும் மார்க் போடல. யாரு என்ன எழுதினாங்கன்னு நான் சொல்லவும் மாட்டேன். இது பரீட்சையே இல்ல சார்."

"பின்ன என்ன?"

"நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே அச்சடிச்சிருக்கே. ஒரு வருஷத்துல திருடினதுண்டா, பொய் சொன்னதுண்டா, எதையாவது உடைச்சதுண்டா, தீ வச்சதுண்டா... இப்படி முப்பது தப்பு. பண்ணியிருந்தா 'ஆமா', இல்லன்னா 'இல்லை'. அவ்வளவுதான்."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தார்கள். கோட்டு சூட்டு போட்ட ஆணி சிரித்துக்கொண்டிருந்தான்.

இரும்புக் கடையில் ஏணிக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அன்று பார்த்து ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. இரும்புக் கடைக்காரர் துள்ளித் துள்ளிப் பேனரை எட்டப் பார்த்தார். மெத்தைக்காரர் எழுத்துக் கூட்டி, ஒரு சொல்லைக்கூட விடாமல், வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். "வீ... திக்... கே... பெ... ரு... மை!" அதற்குமேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போய், பார்வைக்கு வைத்த மெத்தையில் உருண்டார்.

இரும்புக் கடைக்காரர் மகனின் காதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். "இருபத்தேழா? எதையெல்லாம்டா திருடின?"

"ஒண்ணுமே திருடலப்பா!"

"விடுங்க அங்கிள்" என்றாள் மெத்தைக்காரர் மகள். "அவன் வகுப்புல சாக்பீஸ் உடைஞ்சாலே மன்னிப்புக் கேப்பான்."

"அப்ப ஏன்டா ஆமான்னு எழுதின?"

ஆணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முதல்ல எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னுதான் போட்டுக்கிட்டு வந்தேன். பத்துக் கேள்வி ஆச்சு. அப்பத்தான், என் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலன்னு தெரிஞ்சுது. அழுகை அழுகையா வந்துச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டு ஆமான்னு போட்டேன். கை வலிச்சுது, கடைசி மூணை விட்டுட்டேன். ரயில் இன்ஜினைத் திருடினேன்னுகூடப் போட்டிருக்கேன்."

"ரயில் இன்ஜினா?" இரும்புக் கடைக்காரர் காதை விட்டுவிட்டார். "அதை எங்கடா வச்சிருக்க?"

பொய்யாக எழுதுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வியை வைத்திருக்கிறோம் என்று ஆராய்ச்சியம்மா பொதுவாகச் சொன்னார். அப்புறம் மெல்லிய குரலில், "அழுகை வந்துச்சுன்னு சொன்னானே சார், அதைக் கேட்டீங்களா? எனக்கு ரயில் இன்ஜினைவிட அதுதான் முக்கியம்" என்றார்.

இரும்புக் கடைக்காரர் மகனைப் பார்த்தார். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீங்க இருபத்தேழுன்னதும் ஓடிட்டீங்க."

அவர் மகனின் காதைத் தடவிவிட்டார்.  மெத்தைக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"எம் பொண்ணு ரெண்டே ரெண்டு!" என்று மெத்தையிலிருந்து எழுந்தார். "முப்பதுல ரெண்டு! தங்கம்!"

"அந்த ரெண்டு என்ன?" என்றார் இரும்புக் கடைக்காரர். "எம் பையனாவது பண்ணாததை எழுதினான். உம் பொண்ணு பண்ணினதை எழுதியிருக்கா."

மெத்தைக்காரருக்குச் சுருக்கென்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள், "பணம்" என்றாள்.

"எங்க குடும்பத்துல தப்புங்கிற பேச்சே கிடையாது" என்று கத்தினார். "அம்மா, அந்த முப்பதையும் எடுங்க. என்னைக் கேளுங்க. ஒண்ணு வராது!"

"இது பதிமூணுலேர்ந்து பதினேழு வயசு வரைக்கும்தான் சார்."

"மனசுல எனக்குப் பதினாறு."

"என்னையும் கேளுங்க" என்றார் இரும்புக் கடைக்காரர். "மெத்தையைவிட ஒண்ணாவது கம்மியா வரும்."

கேட்காவிட்டால் கையெழுத்தை வாபஸ் வாங்கிவிடுவோம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. ஆராய்ச்சியம்மா பெருமூச்சு விட்டார். "விளையாட்டுக்குத்தான். நான் ஒண்ணும் எழுதிக்கமாட்டேன். ஆனா வீட்ல இருக்கவங்கதான் சாட்சி."

எல்லோரும் கிடங்குக்குப் போனார்கள். ஆளுக்கொரு மெத்தையில் இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்தார்கள். வீட்டம்மா கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

"ஒரு வருஷத்துல எதையாவது உடைச்சதுண்டா?"

"இல்லை!" என்றார்கள் இருவரும்.

"கடையில ஆளுயரக் கண்ணாடி விழுந்து நொறுங்குச்சே?" என்றார் வீட்டம்மா.

"அது... நான் கோபத்துல கதவை அறைஞ்சு சாத்தினேன். கீழ விழுந்தது அதோட இஷ்டம்."

"ஒண்ணு" என்றான் ஆணி. விரல் விட்டு எண்ணுகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

"தெருவுல யார்கூடயாவது கைகலப்பு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி நிறுத்துகிற இடத்துக்காக நடந்த சண்டையில் கிழிந்தது மெத்தைக்காரர் சட்டை. பறந்தது இரும்புக் கடைக்காரர் செருப்பு. இருவருக்கும் ஒவ்வொன்று விழுந்தது.

"பொய்?"

"வியாபாரத்துல சொல்றது சேருமா?" என்று கேட்டார் இரும்புக் கடைக்காரர்.

"சேரும் சார்."

"அப்ப ஆமா. ரெண்டு பேருக்குமே போடுங்க."

"வகுப்புக்குப் போகாம ஏமாத்தினதுண்டா?"

"மூணாம் வகுப்புலேர்ந்தே நான் போகல" என்றார் மெத்தைக்காரர்.

"இந்த ஒரு வருஷத்துல சார்."

"இந்த வருஷமும்தான் போகல."

அந்தக் கேள்விக்கு மகள் திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்ததை அவர் கவனித்துவிட்டார். ஓஹோ, ரெண்டுல ஒண்ணு இது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். ரயில் இன்ஜின் கேள்விக்கு இரண்டு பேரும் நெஞ்சை நிமிர்த்தி "இல்லை!" என்று சொல்லிக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்விக்கு வந்தபோது இரண்டு பேரும் ஆறில் நின்றார்கள்.

"வீட்ல இருக்கவங்க பணத்தை எடுத்துட்டுத் திருப்பித் தராம இருந்ததுண்டா?"

"இல்லை!" என்று துள்ளினார் இரும்புக் கடைக்காரர். "எங்க வீட்ல பணமே எங்கிட்ட தரமாட்டாங்க. எனக்கு ஆறு. மெத்தை சொல்லட்டும்!"

எல்லோர் கண்ணும் மெத்தைக்காரர் மேல். அவருக்கு வியர்த்தது. இந்த நேரத்தில் ஒரு போன் வரக்கூடாதா என்று பார்த்தார், வரவில்லை.

"கைமாத்து சேருமா?"

"திருப்பித் தந்தீங்களா சார்?"

"தருவேன்."

"எப்ப?" என்றார் வீட்டம்மா.

"சாயங்காலம்."

"எந்தச் சாயங்காலம்?" என்று மகளும் தாயும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"ஏழு!" இரும்புக் கடைக்காரர் எழுந்து ஆடினார். "மெத்தைக்கு ஏழு! பெத்த பொண்ணு காசைத் தின்னவன்! பேனரைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதட்டுமா? இடம் நிறைய இருக்கு!"

மழையில் நனைந்த மெத்தைக்குக் கீழே கிடந்தபோதுகூட மெத்தைக்காரர் இப்படிச் சிறுத்துப்போனதில்லை. மகளைப் பார்த்தார். அவள் ஆடவில்லை, சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்கு அப்புறம் அந்த ஷூ வேறொருத்தி காலில் இருக்கும். அதை அவள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் இப்போதுதான் விழுந்தது.

"இப்பவே குடுத்துட்டா?" என்று கேட்டார்.

ஆராய்ச்சியம்மா காகிதத்தைப் பார்த்தார். "இப்பவே குடுத்துட்டா... இல்லைன்னே வச்சுக்கலாம் சார்."

"இது அநியாயம்!" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"மறுமதிப்பீடு!" என்று மெத்தைக்காரர் இடுப்புப் பைக்குள் கையை விட்டார். ரப்பர் பட்டை போட்ட நோட்டுச் சுருள் வெளியே வந்தது. மகள் கையை நீட்டினாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக வைத்தார். மூவாயிரத்தில் நிறுத்தினார்.

"முழங்கால் உறை எதுக்கு? விழுந்தா மெத்தை மேலதானே விழுவ?"

"தெருவுல ஓட்டப் போறேன்."

ஒரு நூறு வைத்தார். கடைசி நூறைக் கையிலேயே பிடித்துக்கொண்டார். "வகுப்புக்குப் போகாதது ஒண்ணு. ரெண்டாவது என்ன? சொல்லு, வைக்கிறேன்."

மகள் நீட்டிய கையை மடக்கவில்லை.  "ஆளுயரக் கண்ணாடி நீங்க கதவைச் சாத்தினதுல விழலப்பா. நான் ஷூவோட கிடங்குலேர்ந்து கடைக்குள்ள வந்து மோதினதுல ஏற்கெனவே விரிசல் விட்டு, கொக்கி கழண்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அப்படியே ஒட்டிச் சாத்தி வச்சேன்."

 வீட்டம்மா நெற்றியில் கையை வைத்தார். கண்ணாடியின் விலை அந்த ஷூவைப்போல் இரண்டு மடங்கு.

மெத்தைக்காரரின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"அப்ப அதை உடைச்சது நான் இல்லையா?"

"இல்லப்பா."

"அப்ப எனக்கு அஞ்சுதானா?"

ஆணி ஒரு விரலை மடக்கினான். "அஞ்சுதான் அங்கிள்."

"இரும்பு! எனக்கு அஞ்சு! உனக்கு ஆறு!" என்று கூரை அதிரக் கத்தினார். வெளியில் ஒரு பொட்டுச் சத்தம் கேட்டிருக்காது. பிறகு, ஊரே பார்ப்பதுபோல் கையை உயரத் தூக்கி இறக்கி, கடைசி நூறை மகளின் உள்ளங்கையில் வைத்து, "மூவாயிரத்து இருநூறு" என்றார்.